பின்னால் மட்டும் பட்டாளத்து டயர்

திங்கட்கிழமை காலை மச்சானின் ஜீப் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லையென்றால் ஓட்டம் வேறு வண்டிக்கு. கங்காணி அப்படித்தான் சொல்லியிருந்தார். எழுபதுகளின் நடுவில், வைகாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம். உடும்பஞ்சோலைப் பக்கம் அக்கா குடும்பம் அந்த ஒரு ஓட்டத்தை நம்பித்தான் இருந்தது. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு அவர்கள் வீட்டில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். ஜீப்பின் நான்கு டயரும் வழுக்கை. புதிது வாங்க வசதியில்லை. கஞ்சிக்கோட்டில் பழைய டயர் மலிவு என்று ஒரு லாரிக்காரர் சொன்னதுதான் தாமதம், நான் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் மேல்ரப்பர் புதிதாக ஒட்டிய, ஒரே அளவான நான்கு டயரைக் காட்டினார். வரி ஆழமில்லை. மனம் அதில் நிற்கவில்லை. மூலையில் பட்டாளத்தில் கழித்துப் போட்ட டயர் இரண்டு, விரல் புதையும் பள்ளங்களோடு கிடந்தன. அந்த நான்கின் விலைதான் இந்த இரண்டுக்கும்.

"ஏனுங்க தம்பி, பின்னாடி இது, முன்னாடி தேஞ்சதுன்னா ஒசரம் ஒத்து வராதுங்க. நாலு சக்கரமும் சேந்து இழுக்கறப்ப வண்டி திணறுமுங்க."

"நான் பிஸிக்ஸ் படிச்சவனுங்க" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அப்பச் சரிங்க. படிச்சவங்க சொன்னா வண்டி கேக்குமுங்க" என்று கட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை ஓட்டிப் பார்த்தோம். சேற்றில் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போட்டதும் வண்டி ஜம்மென்று ஏறியது. நான் கூவினேன். மேலே பாறைத் தளம் வந்ததும் உறுமிக்கொண்டு நின்றது. முன்டயர் சிறிது, பின்டயர் பெரிது. கியரோ இரண்டையும் ஒரே கணக்கில் சுற்றச் சொல்கிறது. சேறு வழுக்கிவிட்டு ஒப்பேற்றியதைப் பாறை ஏற்கவில்லை. அந்தக் கியரைப் போட்டு எடுக்கும் கம்பி இறுகி அசைய மறுத்தது.

"ஏன் மாப்ள, இந்தப் பாடம் நடத்தினன்னிக்கு நீ லீவா?" என்றார் மச்சான். வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டியதும் கம்பி விட்டது. அவர் முகத்தில் சிரிப்பில்லை.

டயரை மாற்றிவர நாளில்லை. காலையில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நெருக்கியடித்துப் பெண்கள். சேறு வந்தால் "போடு". பாறை தெரிந்தால் "எடு". ஒரு வளைவில் சேறு தாண்டவில்லை, அவர் சொல்வதற்கு முன்பே எடுத்துத் தொலைத்தேன். வண்டி பள்ளத்துப் பக்கம் சரிந்து, மண்திட்டில் முட்டி நின்றது.

"யய்யா, ஒன் கையக் கட்டிப் போடட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

அதன்பிறகு மச்சான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லும்வரை சும்மா இருப்பது போல ஒரு கஷ்டத்தை நான் அதுவரை பட்டதில்லை.

தோட்டத்து வாசலில் கங்காணி தலைகளை எண்ணினார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மச்சான் இன்ஜினை அணைத்தார். "மழ விடுற வரைக்கும் கம்பி ஒன் பொறுப்பு மாப்ள. மெட்ராஸ், வேலைன்னு எங்கயும் கெளம்பிராத."

ஆவணி வரை உட்கார்ந்திருந்தேன்.