ஈர விரிப்பின் கீழ் மூன்று கிழவிகள்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் அக்கா பெற்றுவிட்டுக் கண்ணை மூடியது. ஐந்தும் நல்லபடியாக இருக்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நான் எழுத்தை விடவில்லை. அதனால் இதை நானே எழுதுகிறேன். கோணல் எழுத்துத்தான். அவசரக்காரர் வேறு எதையாவது வாசிக்கட்டும்.

நான் இருப்பது இத்தாலியில், பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாப் பகுதியில், ஒரே ஒரு அறையில். யன்னலைத் திறந்தால் பலாரோ சந்தை. கத்தரிக்காய்க்காரன் கூவுவது என் தலையணைக்குக் கேட்கும். மகன் இதே நகரத்தில் போர்கோ வெக்கியோப் பக்கம் ஐந்தாம் மாடியில் இருக்கிறான். அங்கே லிப்ட் இல்லை. தன்னோடு வந்து இருக்கும்படி கொஞ்ச நாளாக ஒற்றைக்காலில் நிற்கிறான். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் முழங்காலோடு அந்தப் படியில் ஏறினால் பிறகு நான் இறங்க மாட்டேன். சந்தையும் இல்லை, கோயிலும் இல்லை.

போன கோடையில் நானும் இரண்டு சிநேகிதிகளும் செக் நாட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தோம். பிராக் நகரத்துக் குழந்தை இயேசு சொரூபத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூட வந்தவர்களில் ஒருத்தி ஊர்காவற்றுறைக்காரி, என் வயது, ஒரே பங்குக் கோயில். மற்றவள் வன்னிக்காரி, எங்களைவிட இளையவள். சைவம்தான், ஆனால் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு எங்களுக்கு முன்னால் வெறுங்காலோடு ஏறி நிற்பாள்.

மகன் கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கினான்.

"சரி, போங்கோ. ஆனா அங்கை ஏதும் நடந்து எனக்குப் போன் வந்திச்செண்டா, திரும்பி வந்த உடனை வீட்டுச் சாவியை என்ரை கையிலை தந்திட்டு எங்களோடை வந்திட வேணும். ஓமோ?"

"ஓம்," என்றேன். நான் ஓம் என்றால் ஓம்தான்.

பிராகில் அறை விலை கூட என்பதால் பேர்த்தி, இந்த மகனின் மகள், தன் போனில் பக்கத்து ஊர் ஒன்றில் பார்த்துப் பதிந்தாள். குத்னா ஹோரா என்று பெயர். முன்னொரு காலத்தில் வெள்ளி தோண்டிய ஊராம். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இலக்கம் என்று கேட்ட இடத்தில் தன் அப்பாவின் இலக்கத்தைப் போட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியாது.

வடக்கு என்றால் குளிர். முப்பது வருடம் பலெர்மோவில் இருந்தவளுக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா எப்போதோ தந்த கறுத்தக் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டேன். மற்ற இருவரும் அப்படியே. விமானத்தால் இறங்கியபோது முகத்தில் அடித்தது எங்கள் ஷிரொக்கோக் காற்றின் கூடப்பிறந்த வெக்கை.

"அக்கா, விமானம் சுத்திப்போட்டுத் திரும்ப பலெர்மோவிலைதான் இறக்கியிருக்கிறான்," என்றாள் வன்னிக்காரி.

குழந்தை இயேசுவை அன்றைக்கே பார்த்தோம். நான் நினைத்ததைவிடச் சின்னவர். பெரிய வடிவான உடுப்பு. பிறகு ரயில் ஏறிக் குத்னா ஹோரா.

அந்த ஊரில் எனக்கு எல்லாமே புதினமாக இருந்தது. வெயில் எரிக்க எரிக்கச் சனம் யன்னலை அகலத் திறந்து வைத்திருக்கிறது. நாய்கள் பியர்க் கடைக்குள் மேசைக்குக் கீழே படுத்திருக்கின்றன. நாங்கள் தங்கிய வீட்டுக்காரி ஐம்பது வயதுப் பெண். மாவை நீளக் கட்டையாக அவித்து, கத்தியை விட்டுவிட்டு நூலால் அறுத்தாள். பிட்டும் இல்லை, பாணும் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்ததால் நூலை என் கையில் தந்தாள். நானும் ஒரு துண்டு அறுத்தேன்.

மறுநாள் காலையில் எலும்புக் கோயிலுக்குப் போனோம். சுவரெல்லாம் மனித எலும்பு. நடுவில் எலும்பாலேயே ஒரு தொங்கு விளக்கு. பலெர்மோவில் கப்புச்சின் சாமிமாரின் நிலவறையில் செத்தவர்கள் உடுப்புப் போட்டு வரிசையாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஆள் ஆளாக இருப்பார்கள். இங்கே எந்தக் கை யாருடையது என்று தெரியாது. விளக்கின் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து நொந்தது.

ஊர்காவற்றுறைக்காரி செபமாலையை உருட்டினாள். வன்னிக்காரி மண்டையோட்டுக் குவியல் ஒன்றின் முன்னால் அசையாமல் நின்றாள்.

"இவையளையெண்டாலும் ஆரோ எடுத்து அடுக்கி வைச்சிருக்கினம்," என்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். கடைசிச் சண்டையோடு காணாமல் போனவன். அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தோம்.

வாசலிலேயே அவள் சொல்லிவிட்டாள்: "செத்த வீட்டுக்குப் போனமாதிரித்தான் இது. தலை முழுகாமல் நான் பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டன்." நாங்கள் இருவரும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், என்றாலும் செத்த வீட்டால் வந்தால் முழுகுகிறவர்கள்தான். அறைக்கு வந்து ஒருத்தி மாறி ஒருத்தி முழுகினோம். போட்டிருந்த உடுப்பையும் தோய்த்துப் போட்டோம்.

அறை அடுப்பு மாதிரி இருந்தது. பலெர்மோ யன்னல்களுக்கு வெளியே மரச்சட்டக் கதவு இருக்கும். சூரியன் ஏறமுன் அடைத்துவிட்டால் வெக்கை தெருவோடு போய்விடும். இங்கே வெறும் கண்ணாடி. என் கண் கோட்டில் விழுந்தது. யன்னல்களைப் பூட்டி, மூன்று கறுத்தக் கோட்டையும் கண்ணாடியை மூடித் தொங்கவிட்டோம். படுக்கை விரிப்புகளை நனைத்துப் பிழிந்தோம். நிலம் குளிர்மையாக இருந்தது. தலைமயிரை விரித்துவிட்டு மூன்று பேரும் வரிசையாகப் படுத்து, ஈர விரிப்பைக் கால் முதல் முகம் வரைக்கும் இழுத்துப் போர்த்தோம்.

கோயிலுக்குள் போகும்போது சத்தத்தை நிறுத்திய போன்களை ஒருத்தியும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வீட்டுக்காரி போனில் பேர்த்திக்கு இங்கிலீசில் சொல்லி, அவள் எனக்குச் சொல்லித்தான் அறிந்தேன். கனநேரம் தண்ணீர் ஓடியதாம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. முற்றத்தில் நின்று பார்த்தால் யன்னலெல்லாம் கறுப்பு. வெக்கையில் வயதானவர்கள் விழுகிறார்கள் என்று காலையில்தான் செய்தியில் கேட்டிருக்கிறாள். கதவைத் தட்டினாள். என் ஒரு காது மந்தம், மற்ற இருவரின் குறட்டை கதவைவிடப் பெரிது. அவளிடம் வேறு சாவி இருந்தது, ஆனால் எங்கள் சாவி உள்பக்கத் துவாரத்தில் செருகியிருந்ததால் அது போகவில்லை. பதறிப்போய் என் மகனுக்குப் போன் எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மனிதரை ஏணியோடு கூட்டிவந்தாள்.

யன்னல் உடைபடாமல் எப்படியோ நெம்பத் திறந்தது. கோட்டு விழுந்தது. வெளிச்சம் என் கண்ணில் பட, விரிப்பு இடுக்கால் பார்த்தேன். சிவந்த முகத்தோடு ஒரு பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சிலுவை போடுகிறார்.

அந்த நேரம் பார்த்து ஊர்காவற்றுறைக்காரி விரிப்போடு எழும்பிக் குந்தினாள்.

"ஆரடா அவன்?"

மனிதர் போட்ட சத்தம் வெள்ளி தோண்டிய கிடங்கு வரைக்கும் கேட்டிருக்கும். நல்ல வேளை, ஏணியைக் கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

கதவைத் திறந்தேன். வீட்டுக்காரி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனை நீட்டினாள். அதில் மகனின் முகம்.

"அம்மா! உயிரோடை இருக்கிறியளோ?"

"இல்லை, செத்துப்போய்த்தான் கதைக்கிறன். நித்திரை கொண்டா ஏணி வைக்கிற ஊரடா இது."

அவன் சிரிக்கவில்லை. "எனக்குப் போன் வந்திட்டுது, அம்மா," என்றான்.

"தெரியும். ஓம் எண்டு சொன்னனான்தானே."

நெஞ்சுக்குள் என் அறையின் சாவி கிலுங்கியது. வன்னிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கிய பகிடியை நிறுத்தினாள். படுக்கமுன் வீட்டுக்காரியிடம் கைச்சாடையாலாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. பலெர்மோவில் மத்தியானம் அடைத்த வீட்டை ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

வீட்டுக்காரி போகாமல் நின்றாள். கையை நிலத்தில் வைத்துப் பார்த்தாள். விழுந்த கோட்டைத் தானே எடுத்துத் திரும்ப மாட்டினாள். பிறகு மேலே போய், வெக்கையில் வாடிக் கிடந்த தன் தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள். அவள் ஏன் அவ்வளவு பதறினாள் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பக்கத்தில் இடம் விட்டேன். மற்றொரு விரிப்பை நனைத்தோம். அந்த மூதாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். நானும் தமிழில் ஏதோ சொன்னேன்.

பலெர்மோவுக்குத் திரும்பிய மறுநாள் மத்தியானம் மகன் சாவிக்கு வந்தான். வெளியே நெருப்பு வெயில். நான் மரக்கதவை அடைத்து ஈர விரிப்பைக் கட்டியிருந்தேன். சாவியை மேசையில் எடுத்து வைத்தேன்.

"முதலிலை தண்ணியைக் குடி, மோனை."

குடித்தான். காலையில் வேலைக்குப் போன உடம்பு. நிலத்தில் குந்தினான், சாய்ந்தான், அவ்வளவுதான். பின்னேரம் மருமகள் கதவை உடைக்கிறமாதிரித் தட்டினாள். பின்னால் பேர்த்தி.

"மாமி, இவர் போன் எடுக்கிறாரில்லை! என்ன நடந்ததோ எண்டு ஓடி வாறம்!"

மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினான். என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வன்னிக்காரி இருந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பாள். நான் பேர்த்திக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மேசையில் கிடந்த சாவியை அவன் எடுத்தான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். அடுத்த நாள் திருப்பிக் கொண்டுவந்து தந்தான். அதைப்போல ஒன்று வெட்டிப் பேர்த்தியிடம் கொடுத்துவிட்டானாம்.

"போனை மட்டும் சத்தமா வைச்சிருங்கோ, அம்மா."

"ஓம்," என்றேன்.

இப்போது பேர்த்தி தட்டாமலே வருகிறாள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் சந்தோசம். இன்றைக்கும் வந்து கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தடவுகிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியவள்.

"அப்பம்மா, மாதொன்னா, இவ்வளவும் நீங்களோ எழுதினது?" மாதாவைக் கூப்பிடுவதும் இத்தாலியனில்தான்.

"ஓம், நான்தான். போனை வைச்சிட்டு இஞ்சை வா. முதலிலை இருந்து வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. கொப்பர் நித்திரை கொண்ட இடம் வந்தா, சொல்லு, நான் யன்னலைத் திறந்து விடுறன், சந்தைக்கும் கேக்கட்டும்."