அக்கா பனியில் சறுக்கப் போகும் மாதம்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்க்கிறவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவன் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே மகள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் சோலார் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருக்கிறாள். போன வருஷம் அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். கொடைக்கானலைவிட எவ்வளவோ உயரத்தில் ஒரு மலை, மரம் மட்டை எதுவும் இல்லை, பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை. காலில் நீளப் பலகையை மாட்டிக்கொண்டு ஆட்கள் சறுக்கி இறங்குகிறார்கள். "நீயும் வாம்மா, உக்காந்து வேடிக்கை பாக்கலாம்" என்று கூப்பிட்டிருந்தாள்.

அக்கா மூன்று தரம் பார்த்தாள். "வேடிக்கை பாக்கவா அம்புட்டுத் தூரம் போகணும்? நானும் சறுக்குவேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மகளிடம் இப்போது மூச்சுவிடக் கூடாது, எல்லாம் தயாரான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் திட்டம் போட உட்காருவோம். வீடியோவில் பார்த்த மலையில் இருக்கிற விடுதியின் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து நான் சொல்வேன். அவள் கேள்வி கேட்பாள், நான் பழைய டைரியில் எழுதுவேன். குளிர் எவ்வளவு, சாப்பாடு என்ன என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. எப்படி நிற்பது, விழுந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும், ஒரு வாத்தியாருக்கு எத்தனை பேர், உயரத்தில் மூச்சு முட்டினால் எங்கே இறங்குவது என்றுதான் கேட்டாள். ஓர் அறைக்குள் போகும் முன் வெளியே வரும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்கிற வேலையல்லவா அவளுடையது.

அந்தப் பக்கத்தில் உடுப்பைப் பற்றிப் படித்த அன்றுதான் அவள் முகம் மாறியது. குளிருக்கென்று தடித்த பருத்தியில் இரண்டு செட் ஏற்கெனவே தைத்து வைத்திருந்தாள். பருத்தி கூடவே கூடாது, வியர்வையில் நனைந்து குளிரை இழுக்கும், நைலான் போல ஈரம் ஒட்டாத துணிதான் வேண்டும் என்று போட்டிருந்தது.

"ஏலே, சரியாப் படி. நைலான் சேலையில உரசிப் பொறி வந்துரும்னு எத்தனை பிள்ளைகளக் கம்பெனி கேட்டுலயே திருப்பி அனுப்பியிருக்கேன். இப்ப நானே தலையில இருந்து கால் வரைக்கும் நைலானா?"

"அப்படித்தான் போட்டிருக்கு, அக்கா."

"மருந்து ரூம்ல காலத் தேச்சு நடக்காத, தேச்சு நடக்காதன்னு இருபத்திரண்டு வருஷமாக் கத்திட்டு, காலத் தேய்க்கிறதுக்குன்னே கண்டம் தாண்டிப் போறேன் பாரு." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலங்களில் ஆனைக்குட்டம் அணைக்கரைச் சரிவில் பயிற்சி. கையில் இரண்டு மூங்கில் கம்பு. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் ஏறி, பக்கவாட்டிலேயே இறங்குவாள். ஆடு மேய்க்கிற ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, எதையாச்சும் தொலைச்சிட்டீகளா?" என்றார். "ஆமாண்ணே, முழங்காலு ரெண்டும் இங்கனதான் கழண்டு விழுந்துச்சு" என்றாள். நான் தூரத்தில் வண்டியில் உட்கார்ந்து, தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது நான்தான். போகிற மாதம் டிசம்பர் என்று டைரியில் எழுதியவன் நான். தீபாவளி முடிந்தால் கம்பெனியில் வேலை குறைவு, லீவு கிடைக்கும். எங்கள் காலண்டரில் இருபது வருஷமாக டிசம்பர் தாளுக்குத்தான் பனிமலைப் படம் அச்சாகிறது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அக்காவும் முதலாளியிடம் டிசம்பருக்கென்று சொல்லி வைத்துவிட்டாள். பிப்ரவரியில் மகளிடம் வீடியோ காலில் எல்லாவற்றையும் சொன்னபோது, அந்தப் பிள்ளை அம்மாவை நினைத்துச் சந்தோஷப்படுவதா, என்னை நினைத்துச் சிரிப்பதா என்று தெரியாமல் திணறினாள்.

"மாமா, டிசம்பர்ல இங்க கோடை. அந்த மலையில வெறும் கல்லுதான் கிடக்கும். ஜூன் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் பனி."

பூமியின் அந்தப் பாதியில் காலம் மாறி வரும் என்று பள்ளியில் படித்தவன்தான் நானும். ஜூனிலிருந்து செப்டம்பர் என்றால் தீபாவளிப் பட்டாசுக்கு உயிரான சீசன். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏலே, மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. நாளைக்கு நீயும் என்கூட வா" என்றாள்.

மறுநாள் முதலாளி அறையில் நான் சுவரோரமாக நின்றேன்.

"சீசன்ல எந்த சூப்பர்வைசராவது லீவு கேப்பாகளா?" என்றார் அவர்.

"கேக்க மாட்டாக. நானும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"டிசம்பர்லயே போங்க. ஒரு மாசம்கூட இருந்துட்டு வாங்க."

"அப்ப அங்கன பனி இருக்காதாம், மொதலாளி."

"பனி இல்லாத மலையப் பாத்துட்டு வாங்களேன்."

"மருந்து இல்லாத வெடிய யாராச்சும் வாங்குவாகளா, மொதலாளி?"

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஆடி பிறக்கும் முன், ஜூன் கடைசியில் பதினைந்து நாள் போதும். அவளுக்கு அடுத்து இருக்கிற பெண் பிரிவைப் பார்த்துக்கொள்வாள். "ஏப்ரல்ல ஒரு வாரம் அவளைத் தனியா விட்டுப் பாருங்க. ஒரு குறை வந்தாலும் நான் போகல."

இத்தனை மாத ஆசையை இன்னொருத்தியின் கையில் கொடுக்க எனக்குத் துணிச்சல் வராது. அவளை நம்பி இப்படி வாக்குக் கொடுக்கலாமா என்று வெளியே வந்ததும் கேட்டேன். "அவளுக்கு வேலை கத்துக்கொடுத்தது நான்ல. அவளை நம்பலைன்னா பின்ன என்னையவும் நம்பலைன்னுதான அர்த்தம்?" என்றாள்.

ஏப்ரலில் அந்த ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்தாள். புளியை எடுத்து வைத்துக்கொண்டு கொட்டை நீக்கினாள். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள். போகவில்லை, போன் செய்யவில்லை, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். "போயிட்டு வாங்க. பதினாறாவது நாள் கேட்டுல நிக்கணும்" என்றார். அக்கா போனை வைத்துவிட்டு முதலில் கூப்பிட்டது அந்தப் பெண்ணைத்தான்.

பிறகு மகளிடம் சொன்னாள். ஜூன் கடைசியில் சில வருஷம் பனி போதுமான அளவு விழுந்திருக்காது என்று மகள் எச்சரித்தாள்.

"பதினஞ்சு நாள்ல ஒரு நாள் விழாதா? அந்த ஒரு நாள் போதும், பாப்பா. டிக்கெட்டப் போடு" என்றாள் அக்கா.

மறுநாள் மகள் டிக்கெட் போட்டாள். நான் விசாவுக்கான தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, திங்கட்கிழமை அனுப்புவதற்காக உறையில் போட்டு ஒட்டி வைத்தேன்.