கேமராவுக்குத் தெரிகிற சுவர்

வீட்டுக்கு நான்கு சுவர் என்பதெல்லாம் பழைய கணக்கு. இப்போது ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு சுவர்தான், மிச்சம் மூன்றும் கூரையைத் தாங்குவதற்காகச் சும்மா நிற்பவை. இது பெயிண்டரின் கண்டுபிடிப்பு. அந்தத் தெருக்களில் பெயிண்டர் என்று சொன்னால் அவரைத்தான் குறிக்கும். பிரஷைப் பிடித்துப் பிடித்து வலது கைக் கட்டைவிரல் சற்றே சப்பையாகிப் போன மனிதர்.

முன்பெல்லாம் வேலைக்குக் கூப்பிட்டால் ஹால், படுக்கையறை, சமையலறை என்று வீட்டையே காட்டுவார்கள். இப்போது, "அண்ணே, வீடியோ எடுக்கற சுவரு மட்டும் போதும்" என்கிறார்கள். நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. சுவரில் ஒரு கை அளவுக்குப் பூசிக் காட்டினால் அதன் முன் போனை நீட்டுகிறார்கள். போனுக்குப் பிடித்தால் வீட்டுக்காரர்களுக்கும் பிடித்துவிடும். பளபளப்பு அறவே கூடாது, வட்ட விளக்கைப் போட்டால் அது சுவரிலும் முளைத்துவிடுமாம்.

மேக்கப் வீடியோ போடும் ஒரு பெண்ணின் வீட்டில் அந்த ஒரு சுவர் பக்கம் பூச்சாடியும் நாற்காலியுமாகப் பளிச்சென்று இருந்தது. கட்டில், பீரோ, சைக்கிள், மாமனார் எல்லாம் எதிர்ப்பக்கம் அடைந்து கிடந்தன. வீடியோ ஓடும்போது மாமனார் இருமக் கூடாது. பாவம், அடக்கி வைத்திருந்து, விளக்கை அணைத்ததும் வட்டியும் முதலுமாக இருமித் தீர்ப்பார்.

இன்னொரு வீட்டில் உடற்பயிற்சி சொல்லித்தரும் இளைஞன், நல்ல சுவரைச் சுரண்டிப் பாழடைந்த மாதிரி ஆக்கித் தரச் சொன்னான். அப்போதுதான் வீடியோவில் கம்பீரமாக இருக்குமாம். பெயிண்டர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுக்கு வந்திருந்தா காசில்லாமயே பார்த்திருக்கலாமே" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பதுபோல், ஊர்ச் சுவரையெல்லாம் மினுக்கிக்கொண்டிருந்த பெயிண்டரின் வீடு குடிவந்த நாளிலிருந்து பிரஷைக் கண்டதில்லை. அவள் ஹாலில் தையல் மெஷின் போட்டு, பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். பெயிண்ட் அடிங்க, அடிங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாளெல்லாம் பெயிண்டை முகர்ந்துவிட்டு வீடு திரும்பும் மனிதருக்கு வீட்டிலும் ஒரு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை.

தொழிலில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை வெளியூரில் இருந்த நடன ஆசிரியை ஒருத்தி வீடியோவை அனுப்பி, தனக்குப் பின்னால் ஜன்னலுக்கு இடப்பக்கம் தெரியும் சுவருக்கு நீலம் அடிக்கச் சொன்னாள். செல்ஃபி கேமராவில் இடம் வலமாகும், வலம் இடமாகும் என்பது இவருக்குத் தெரியவில்லை. குளியலறைக் கதவு இருந்த சுவருக்கு உயிரைக் கொடுத்து நீலம் அடித்துவிட்டு வந்தார். பிறகு வாங்கிய திட்டில் ஒரு பாடம் படித்தார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், போன் நிற்கும் இடத்தில் நின்று பார்த்து, எது வரைக்கும் தெரிகிறதோ அது வரைக்கும் டேப் ஒட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்.

இதற்கிடையில் மனைவியும் வீடியோ போட ஆரம்பித்தாள். வெளியே தெரியாமல் தையல் போடுவது எப்படி, மாட்டிக்கொண்ட ஜிப்பைக் கிழிக்காமல் எடுப்பது எப்படி என்று. அவளுடைய தம்பிதான் போனுக்கு ஸ்டாண்ட் வாங்கி, மெஷினுக்கு முன்னால் எதிர்ச் சுவரை ஒட்டி நிறுத்திக் கொடுத்தான். வெகுநாள் வரை அதைப் பார்த்தவர்கள் அவனும், அவளுடைய அக்காளும், அக்காளின் தோழிகளும்தான்.

ஒருநாள் நேரலையில் தைத்துக்கொண்டிருந்தபோது முகம் தெரியாத ஒரு பெண், "அக்கா, உங்க பின்னாடி சுவத்துல இருக்கறது ஒட்டகமா?" என்று எழுதிக் கேட்டாள். மனைவி திரும்பிப் பார்த்தாள். ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்த இடத்தில் திமில், கழுத்து, கால் எல்லாம் அம்சமாக அமைந்த ஒட்டகம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ஒட்டகம்தான். வீட்டுக்காரர் பெயிண்டர், அதான்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள், ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு ஜிப்பை யார் பார்த்தார்கள்? ஒட்டகம் நலமா என்று கேட்கத்தான் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். மழை பெய்து பக்கத்தில் இன்னொரு துண்டு உதிர்ந்தபோது, ஒட்டகம் குட்டி போட்டுவிட்டது என்று வாழ்த்துச் சொன்னார்கள். துணியும் மூட்டை மூட்டையாகத் தைக்க வந்தது.

பெயிண்டரின் மானம் கப்பலேறியது. ஒரு டாக்டர் வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒட்டகம் வீட்டுக்காரர் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றாள். சொல்லி அனுப்பவே இல்லை. மாடிப்படி முழுக்க உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்த கட்டட உரிமையாளர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். சொந்த வீட்டையே கவனிக்காதவன் என்ற பேச்சு, போன இடத்துக்கெல்லாம் இவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அவமானமாகத்தான் இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. அந்தப் போனைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை அவர் எத்தனையோ காலமாகப் பார்க்கவில்லை. தன்னை வைத்து ஊரோடு சேர்ந்து சிரிக்கிறாளே தவிர, தன்னோடு சிரிப்பதில்லையே என்று சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். இந்தச் சுவரை மட்டும் சரிசெய்துவிட்டால் தொழிலும் திரும்பிவிடும், அவளும் திரும்பிவிடுவாள் என்று முடிவு கட்டினார்.

பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்று அவர் வாயைத் திறந்ததும் மச்சினன் குதித்தான். பொன் முட்டை போடும் ஒட்டகத்தை யாராவது அறுப்பார்களா என்று கேட்டான். ஒட்டகம் முட்டை போடாது என்று சொல்ல அவனிடம் யாருக்கும் தைரியம் வரவில்லை, தன்னை மேனேஜர் என்று நினைத்துக்கொண்டு அவ்வளவு சூடாக இருந்தான். மனைவி மெஷினை விட்டு நிமிராமல், "உங்க இஷ்டம்" என்றாள். அனுபவப்பட்ட எந்தக் கணவனும் அந்த இரண்டு வார்த்தையை அனுமதி என்று எடுத்துக்கொள்ள மாட்டான். பெயிண்டர் எடுத்துக்கொண்டார்.

அவள் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த நாளில் காரியத்தில் இறங்கினார். போன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து டேப் ஒட்டினார். ஒட்டகத்தையும் குட்டியையும் சுரண்டித் தள்ளினார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எல்லோரும் கேட்டு வாங்கும் இளஞ்சிவப்பை அடித்தார். தன் ஆயுளில் இப்படி ஒரு சுவர் அமைந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்தவள் பையைக் கீழே வைத்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்றாள். இன்னும் ஏதாவது சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சுவர் ஓரமாகவே நடந்துபோய், இளஞ்சிவப்பு கோடு கிழித்ததுபோல் முடிந்து பழைய அழுக்கு தொடங்கும் இடத்தில் நின்றாள்.

"இது ஏங்க இங்கயே நின்னுடுச்சு?"

"அதுக்கு அந்தப் பக்கம் கேமராவுல தெரியாதும்மா."

வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன மறுகணமே அதை அள்ளி விழுங்கிவிடலாமா என்று இருந்தது அவருக்கு. அவள் சண்டைக்கு வரவில்லை. மெஷினுக்குப் பின்னால் கிடந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். குடிவந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. முன்னால் மெஷின், அதற்கு அப்பால் போன் ஸ்டாண்ட், அதை ஒட்டி எதிர்ச் சுவர். எந்த வீடியோவிலும் வராத சுவர். தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு உப்பி, சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. உதிர்ந்த தூள் அவள் கால் வைக்கும் இடம் வரை வந்திருந்தது.

"அவங்க பாக்கறது என் முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவரு" என்றாள் அவள். "நான் காலையில இருந்து இதைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அடிங்க, அடிங்கன்னு இத்தனை நாளா கேட்டேனே, எந்தச் சுவருன்னு நெனச்சீங்க?"

அவர் நினைத்ததே இல்லை. அதுதான் உண்மை, அது அவருக்கு வலித்தது. ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் படியேறியதும் முதலில் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. அதைக்கூட இவளிடம் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"உனக்கு என்ன கலர் வேணும்?"

"மஞ்சள்" என்றாள், யோசிக்கவே இல்லை. "லேசா இல்ல. எலுமிச்சம்பழம் மாதிரி நல்லா அடிக்கற மஞ்சள்."

அடிக்கிற மஞ்சள் கேமராவுக்கு ஆகாது, எதிரில் உட்காருகிறவர் முகம் காமாலை கண்ட மாதிரி தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தவர், நல்லவேளை, மூடிக்கொண்டார்.

எதிர்ச் சுவரைச் சுரண்டி, காயவிட்டு, ஓதத்துக்கு மருந்து அடித்து, மஞ்சளுக்கு வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. ஒட்டகம் காணாமல் போன துக்கத்தில் பார்ப்பவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். மச்சினன் எழவு விழுந்த வீட்டுக்காரன் மாதிரி திரிந்தான். மிச்சமிருந்தவர்கள், அது என்னக்கா சத்தம் என்று கேட்டார்கள். வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது என்று அவள் சொன்னதும், காட்டுங்க, காட்டுங்க என்று எழுதித் தள்ளினார்கள். அவள் போனைத் திருப்பக் கை நீட்டினாள். ஏணியில் இருந்த பெயிண்டர் எதற்கும் இருக்கட்டுமென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள். "வேணாம்மா. இது நான் பாக்கறதுக்கு" என்றாள்.

பிறகு ஊசியில் நூலைக் கோத்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, போனுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அது தங்களுக்கென்று நினைத்துக்கொண்டார்கள்.