குழாய் வழியே முதல் சோறு

தம்பிக்கு முதல் சோறு கொடுத்தது தை மாதம் என்பார் அப்பா. மாசி என்பது என் கணக்கு. தையில் எங்கள் பாகூர்ப் பக்கத்து வண்டிகள் நெல் ஏற்றும்; மாசியில்தான் கரும்பு. அன்று திருக்கனூரிலிருந்து கிளம்பிய மாமா, பேருந்து கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததாகச் சலித்துக்கொண்டே நுழைந்தார். கிழமையில் சந்தேகமில்லை, வெள்ளி. பத்தரைக்கு ராகுகாலம். எழுபதுகளின் கடைசி, எனக்கு ஏழு வயது.

தம்பிக்கு விழுங்க வராது. வாயில் விட்ட பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிறு வரை மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை இறக்கி, அதில் பால் ஊற்ற அம்மாவைப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். குழாய் நழுவினால் அம்மாவே மாற்றுவாள். மூக்கிலிருந்து காது, காதிலிருந்து நெஞ்சுக்குழி என்று தம்பியின் உடம்பிலேயே அளந்து, மெதுவாக இறக்குவாள். கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாயால் சாப்பிடாத பிள்ளை என்பதற்காகத் தாய்மாமன் தன் உரிமையை விடுவாரா? பாயசத்தை வேட்டித் துணியில் மூன்று தரம் வடிகட்டிக்கொண்டு, அம்மா மடியிலிருந்த தம்பியின் எதிரே உட்கார்ந்தார்.

“குடுடி, நானே ஊத்தறேன்.”

“இருண்ணா, பாத்துடறேன்” என்று அம்மா குழாயின் வெளிமுனையைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டாள். ஒவ்வொரு வேளையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். தண்ணீர் சும்மா கிடக்கும். அன்று குமிழ் குமிழாக வந்தது.

“ம்மா, தம்பி ஊதறான்” என்று கைதட்டினேன்.

மாமாவுக்கும் சிரிப்பு. “மாமங்கிட்ட பேசறான்டி. நேரம் போவுது, ஊத்தட்டா?”

“ஊத்தாத.”

“இன்னாடி இது, ஒரு சொட்டு சாஸ்திரத்துக்கு…”

“ஒரு சொட்டும் வேணாம். கைய எடுண்ணா.”

அண்ணனிடம் அம்மா அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமா கையை எடுத்துக்கொண்டார். அம்மா குழாயை முழுவதும் உருவினாள். தம்பி பசியில் கத்தினான். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்; பத்தரை தாண்டிவிட்டது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. மறுபடி அளந்தாள், இறக்கினாள். தம்பி ஓங்கரித்து முகம் கறுத்தபோது நிறுத்தி, நிறம் திரும்பும்வரை காத்திருந்து மீண்டும் இறக்கினாள். டம்ளரில் விட்டுப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை.

“இப்ப ஊத்துண்ணா.”

ராகுகாலத்தில் மாமா ஊற்றினார். யாரும் தள்ளாமலே பாயசம் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தம்பியின் அழுகை அடங்கியது. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்; மாமாவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

பிறகு அம்மாவைத் தேடிப் போனேன். மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தத் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குமிழ்கள் தம்பியின் நுரையீரலிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொள்ளும் வயது எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. நல்ல நேரம் தவறிய வருத்தம் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன்.

“ராவுகாலத்துல சாப்ட்டா ஒன்னும் ஆவாதும்மா.”

“ஆமாண்டி” என்றாள் அம்மா.