வாசலைத் தாண்டாத படம்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. எட்டாம் வகுப்பும் என்னைத் தாண்ட விடவில்லை. பிறகு கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டித் திரிந்தேன். வயர் இழுக்கத் தெரிந்தவன் என்பதால், துறைமுகப் பக்கம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு வைஃபை போடும் வேலையையும் அதன் முதலாளி என்னிடமே தந்தார். கிண்ணியாக்காரர். என்னை நம்பியதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்.

மண்டபம், சாப்பாட்டுக்கூடம், மணமகள் அறை, வாசல் என்று எங்கும் கூரையில் வெள்ளைத் தட்டுகளைப் பொருத்தினேன். அக்சஸ் பொயின்ட் என்பார்கள். அத்தனையையும் மேய்க்க அலுவலக அலுமாரிக்குள் ஒரு கன்ட்ரோலர். அதன் திரையில் எல்லாத் தட்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக அலை வீச வேண்டும் என்று அடுத்துக் கேட்டது. குறைவு, நடுத்தரம், அதிகம். நான் லவுட்ஸ்பீக்கர்க்காரன். சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்காவிட்டால் திருவிழா நடந்ததாகவே எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘அதிகம்’ போட்டேன்.

முதல் கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் மணமகளின் தாய் மண்டபம் பார்க்க வந்தார். கையில் போன், போனுக்குள் கட்டாரில் வேலை செய்யும் மகன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் கல்யாணங்களில் மணமகளின் சகோதரன்தான் வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவான். கால் கழுவ ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருந்தான். கூட நடந்து வரவாவது தன் மகன் வேண்டும் என்பது தாயின் ஆசை.

“வாசலில இருந்து மணவறை வரைக்கும், தம்பி. அவ்வளவு தூரம் அவன் வந்தால் காணும்,” என்றார்.

நடந்து காட்டினார். வாசலில் மகன் பளிச்சென்று சிரித்தான். மண்டபத்துக்குள் கொஞ்சத் தூரம் போனதும் வாய் கோணி உறைந்தான். பிறகு ஆளே இல்லை. வாசலுக்குப் போய்த் திரும்பவும் எடுத்தார், திரும்பவும் அதே இடத்தில் உறைந்தான். தாய் மணவறை வரை நடந்து, அங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எல்லாம் ஃபுல்லில இரிக்கிண்டு சொன்னீங்களே?” என்றார் முதலாளி.

“ஓம் முதலாளி, ஃபுல்தான்.”

“அப்ப அந்தப் பொடியன் ஏன் வாசல்லயே நிக்கிறான்?”

திரையைப் போய்ப் பார்த்தேன். தாய் இருப்பது மணவறைக்கு முன்னால். அவரது போனோ இன்னும் வாசல் தட்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவ்வளவு பலமாகக் கத்தினால் போன் ஏன் அதை விடப்போகிறது? தட்டின் குரல் போனுக்குக் கேட்கிறது. போனின் சின்னக் குரல்தான் தட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

சாம்பல்தீவில் ஒரு திருவிழாவுக்கு மரத்துக்கு மரம் லவுட்ஸ்பீக்கர் கட்டி, எல்லாவற்றையும் முழுதாகத் திறந்துவிட்டவன் நான். பிரசங்கம் ஊர் முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு வாங்கிய பேச்சு இவ்வளவு காலம் கழித்துத்தான் மண்டைக்குள் இறங்கியது.

எல்லாத் தட்டுகளையும் ‘குறைவு’க்கு இறக்கினேன். பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் வெவ்வேறு சனல், அதாவது வெவ்வேறு அலைவரிசை, கொடுத்தேன். விலகிப்போகும் போனைப் பிடித்துவைக்காமல் விட்டுவிடும்படி கன்ட்ரோலருக்குச் சொன்னேன்.

“கொறச்சா எப்படி மனே நல்லாக் கேக்கும்?”

“பக்கத்தில நிக்கிற ஆளுக்குக் கேட்டால் காணும், முதலாளி.”

சொன்ன பிறகுதான், என் வீட்டில் நான் அப்படிக் குரலைக் குறைத்துப் பேசிப் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது.

அதற்குள் தாய் போய்விட்டார். என் போனில் ஒரு வீடியோ அழைப்பு எடுத்துக்கொண்டு நானே வாசலில் இருந்து நடந்து பார்த்தேன், படம் அறவில்லை. ஆனால் அது வெறும் மண்டபம். நாளைக்கு ஊரே போனும் கையுமாக வரும்.

மறுநாள் காலை, வாசலில் கால் கழுவி முடிந்ததும் தாய் போனை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

“உங்கட கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் இவன்தான். நீங்கள் இவனைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ.”

மேளம் முழங்க மாப்பிள்ளை நடந்தார். நான் மண்டபக் கதவடியில் நின்று அவர் கையிலிருந்த போனையே பார்த்தேன். கதவைத் தாண்டும்போது படம் ஒருதரம் தடுமாறியது. தாயின் கை மாப்பிள்ளையின் சால்வையைப் பற்றியது.

“ஆரம்மா அந்தாள், வாயைத் திறந்துகொண்டு குறுக்க நிக்கிறது?” என்றது போன். “வழி விடச் சொல்லுங்கோ.”

வழி விட்டேன். மாப்பிள்ளையும் மச்சானும் மணவறைக்குப் போனார்கள்.