மகள் கைக்குள் ஓடிய பந்தய வாட்ச்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. நான் பத்தாவது வரைதான் படித்தவன், எழுத்து அவ்வளவாக ஓடாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெண் பிள்ளையின் நோயை வெளியே சொன்னால் நாளைக்கு வரன் எப்படி வரும் என்று என் அக்கா என் வாயை அடைத்துவிட்டாள். அந்தப் பெண் இப்போது தஞ்சாவூரில் காலேஜுக்குப் போகிறாள். "அத்தை கிடக்குது. நீங்க எழுதுங்கப்பா" என்று அவளே சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது. எங்கள் அய்யனார் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்பா சிங்கப்பூர் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். ஊர் திரும்பியபோது மற்றவர்கள் டேப்ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் கையில் ஒரு பந்தய வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தார். கார் பந்தயக்காரர்களுக்காகச் செய்த தினுசு. கறுப்பு முகத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள், விளிம்பில் வேகத்தைக் காட்டும் எண்கள், நடுவில் ஒரு நீளமான சிவப்பு முள். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். மேல் பொத்தானை அமுக்கினால் சிவப்பு முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் எல்லாம் பழையபடி பன்னிரண்டுக்குத் திரும்பும். எங்கள் வீட்டில் அதற்கு 'ஓடு, நில், அழி' என்று பெயர்.

கார் பந்தயத்தை அப்பா டிவியில் பார்த்ததோடு சரி. எங்கள் பக்கம் ஓடுவது மாட்டுவண்டிதான். சம்பா அறுப்பு முடிந்து மாசியில் காளியம்மன் திருவிழா வந்தால் ஒரத்தநாடு போகும் சாலையில் ரேக்ளா விடுவார்கள். முதலில் வரும் வண்டிக்குப் பரிசு. அதற்கு வாட்ச் தேவையில்லை. ஆனால் போன வருஷத்தைவிட வேகமா என்று வாய்ச்சண்டை போட ஊருக்கு ஒரு கணக்கு வேண்டுமே! அப்பாவைச் சுற்றி நின்றுகொள்வார்கள். அப்பாவுக்குப் பிறகு என்னைச் சுற்றி நின்றார்கள்.

என் மகளுக்கு அந்த வாட்ச் என்றால் உயிர். கோயிலில் தீபாராதனை எத்தனை நேரம், அம்மா குளிக்க எத்தனை நேரம் என்று என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருப்பாள். "உங்கம்மா குளிக்கிற நேரத்துல நம்ம வயலுக்கே தண்ணி பாஞ்சுடும்" என்பேன். உள்ளேயிருந்து கரண்டி பறக்கும்.

அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது வீட்டில், பட்டப்பகலில், சோற்றுத் தட்டுக்கு முன்னால். கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினோம்.

"எவ்வளவு நேரம் இழுத்தது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அரை மணி நேரம் இருக்கும்மா" என்றேன்.

"இல்லம்மா, ரெண்டு நிமிஷம்தான்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பார்த்தார். "இம்மாம் பெரிய வாட்ச் கட்டியிருக்கீங்க. அதைப் பார்க்கலையா?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பு கொடுக்காதீர்கள், அது ஒன்றும் செய்யாது. பிடித்து அமுக்காதீர்கள், விரலைப் பிரிக்காதீர்கள். நேரம் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை என்றால் மூக்கில் அடிக்கும் மருந்தை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்றிலிருந்து வாட்ச் எனக்கு எமனாகிவிட்டது. ஆசையாகக் காதில் வைத்துக் கேட்ட சத்தம் இப்போது கேட்கக் கூடாதென்று ராத்திரியில் அதைத் துணியில் சுற்றி வைத்தேன். அடுப்படியில் தட்டு விழுந்தால்கூட என் கட்டைவிரல் தானாக மேல் பொத்தானுக்குப் போகும். அவள் ஜன்னல் வழியே எதையாவது பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். "என்னப்பா?" என்று திரும்பினால்தான் மூச்சு வரும்.

அவளுடைய ஒன்பதாவது வயதில் திருவிழா வந்தது. பந்தயத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். அழுது தீர்த்துவிட்டாள். அக்கா, மனைவி, மருந்துப் பை எல்லாவற்றோடும் போனோம். புளியமரத்தடியில் நின்றோம். பெரிய மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிட்டதும் மேல் பொத்தானை அமுக்கினேன்.

"மாமா, சரியா அமுக்குனியா? போன வருஷம் மாதிரி தூங்கிடாத!" என்று பக்கத்திலிருந்தவன் சீண்டினான்.

தூரத்தில் புழுதி தெரிந்தது. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த மகளின் கை இறுகியது. சந்தோஷத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கண் சொருகியிருந்தது.

படுக்க வைத்தேன். நில், அழி, ஓடு. அந்த மூன்று அமுக்கையும் நான்தான் அமுக்கினேனா, அம்மன் அமுக்கினாளா தெரியாது. "யோவ், வண்டி வருது, எதுக்குய்யா அழிச்ச?" என்று ஒருவன் கத்தினான். கீழே பார்த்ததும் கூட்டத்தை விலக்கி இடம் விட்டான்.

"இரும்பு! இரும்பு குடுங்கடா பிள்ளை கையில!" அக்கா அலறினாள். சாவிக்கொத்து யாரிடமும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சை உருவிவிட்டாள்.

"அக்கா, வேணாங்க்கா! நேரம் பாக்கணும்!"

"நேரம் பாக்குறானாம் நேரம்! உன் பிள்ளையைப் பாருடா!"

அதற்குள் வாட்ச் மகளின் உள்ளங்கைக்குள் போய்விட்டது. விரல்கள் அதன் மேல் மூடிக்கொண்டன. பிரிக்கக் கூடாது. பிரித்தாலும் வராது, அப்படி ஒரு இறுக்கம்.

மனைவி மருந்தைத் திறந்து கையில் பிடித்திருந்தாள். "என்னங்க, எப்ப அடிக்கணும் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன், நீங்க நேரத்தைச் சொல்லுங்க."

நான் மண்ணில் மண்டியிட்டு மகளின் முஷ்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். நிமிஷம் காட்டும் குட்டி வட்டம் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்திருந்தது. விரல் இடுக்கில் கண்ணாடி ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. அதில் சிவப்பு முள் வந்தது, போனது. மறுபடி வந்தால் ஒரு நிமிஷம். தாயே, தாயே என்று காத்திருந்தேன். வந்தது. கை வெட்டி வெட்டி இழுத்ததில் அந்தக் கீற்றும் ஆடியது. இன்னொரு தடவை வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

காத்திருந்தேன். வரவே இல்லை. நான் கண்ணைச் சிமிட்டியபோது போய்விட்டதா? விரல் பொத்தானை அமுக்கி முள் நின்றுவிட்டதா? என் மூச்சுதான் நின்று போய், நேரம் போகாத மாதிரி தெரிகிறதா? உதடு நீலம் பூத்தது. என் பின்னால் வண்டிகள் வந்து கடந்தன. மாட்டின் குளம்புச் சத்தம் தரை வழியாக என் முழங்காலில் ஏறியது. கூட்டம் விசிலடித்தது.

அந்தப் பயத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் அது என் முழங்காலில்தான் இருக்கிறது.

"அடி" என்றேன்.

"அஞ்சு ஆயிடுச்சா?"

"தெரியல. அடி!"

அடித்தாள். அக்கா மாரில் அடித்துக்கொண்டு காளியைக் கூப்பிட்டாள். ஒருவர் காரைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் என் மடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வாட்சை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு முள் நின்றிருந்தது. நிமிஷம் காட்டும் குட்டி வட்டத்தில் முள் மூன்றைக்கூடத் தொடவில்லை. அவள் கை இறுகியதில் மேல் பொத்தான் அமுங்கியிருக்கிறது. அது நின்ற பிறகு எத்தனை நேரம் நான் காத்துக் கிடந்தேன் என்பது அந்த ஆத்தாளுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "நேரம் தெரியாதப்ப மருந்து அடிச்சதுதான் சரி. முள்ளு வரட்டும்னு உக்காந்திருந்தீங்கன்னா பிள்ளை இல்ல" என்றார்.

சாயங்காலம் மகள் கண் திறந்தாள். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. "எந்த மாடுப்பா ஜெயிச்சுது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வெளியே போய்விட்டாள்.

ஆனால் ஊர் அதற்குள் வேறு கதை கட்டிவிட்டது. சிங்கப்பூர் இரும்பைக் கையில் வைத்தார்கள், முள் நின்றது, முள் நின்றதும் வலிப்பும் நின்றது! அக்காவே அதைப் பெருமையாகச் சொன்னாள். மூக்கில் அடித்த மருந்து கதையிலேயே இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை. வரன் பயம்தான்.

போன மாசம் பூதலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தேங்காய் பழத்தோடு வந்தார். பேத்திக்கு அடிக்கடி வலிப்பு வருகிறதாம். "அந்த வாட்சை ஒரு வாரம் குடுங்கய்யா, பத்திரமாத் திருப்பித் தந்துடுறேன்" என்று கை கூப்பினார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். "இது சரியா வருதான்னு பாத்துட்டுப் போவோம்னு..." என்றார். புளியமரத்தடி பயம் அப்படியே எனக்குத் திரும்பி வந்தது. வாட்சைக் கொடுக்கவில்லை. அவரோடு கிளம்பிப் போய், அந்தப் பிள்ளையை எங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். வலிப்பு உள்ள வீட்டுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். இரும்பு குணப்படுத்தியது என்று சேர்க்காதீர்கள். அம்மன் அருள் என்று சொல்லுங்கள், அது உண்மை. ஆனால் அவள் அருள் என் மனைவியின் கையில் மருந்தாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் பயந்து நடுங்கியதை மட்டும், என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.