கம்பளிக்குப் பதில் ஒரு மூடி

வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு எங்கள் எஸ்டேட் பிராந்தி ஊற்றியது. தேயிலை விலை விழுந்ததும், கொழுந்து பறிப்பவர்களுக்குத் தந்துவந்த கம்பளியை நிறுத்தினார்கள். பதிலாக, மழை நாளில் வேலை வாங்கும் மேஸ்திரி மலைக்கே வந்து ஆளுக்கொரு மூடி பிராந்தி ஊற்றினார். கர்ப்பிணிக்கும் அதே மூடி. கம்பளியைவிட அது மலிவு.

இதை வெளியே சொன்னவர் டாக்டர் மனோன்மணி ஒருவர்தான். அவர் இறந்த செய்தியைக் குன்னூர் பேருந்து நிலையத்தில் எஸ்டேட் கிளார்க் எனக்குச் சொன்னார். "உங்க டாக்டரம்மா போயிட்டாங்களாமுங்க. இனிப் பசங்க தலைக்கு விடுதலை." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தலை அளந்தது உண்மைதான். குடிநோய் சிகிச்சை மையத்தில் அவர் மருத்துவர், நான் ஆலோசகன். கர்ப்பத்தில் குடித்தவர்களின் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு இருவரும் டேப்போடு போவோம்.

அங்கேதான் புஷ்பத்தின் மகனை அளந்தார். புஷ்பம் மறுபடி கர்ப்பமாக இருந்தாள். "இவன் மூளை இவ்வளவுதான் வளரும். நீ குடிச்சது இவனுக்கும் போயிருக்கு. வயித்துல இருக்கறதையாவது விட்டு வை" என்றார்.

புஷ்பம் அழவில்லை. "சுவெட்டர் போட்டுக்கிட்டுச் சொல்றீங்க டாக்டரம்மா. நனைஞ்ச சேலையோட மலையில நின்னு பாருங்க. மேஸ்திரி எங்கேன்னு நீங்களே கேப்பீங்க."

டாக்டர் சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாளே அவள் புருஷன் அதை விற்றுக் குடித்துவிட்டான். நான் கொதித்தேன். அவர் கொதிக்கவில்லை. "ஒருத்திகிட்ட மட்டும் இருந்தா விக்கலாம். லயத்து வீடுங்கள்ல எல்லார்கிட்டயும் இருந்தா எவன் வாங்குவான்?" என்றார்.

அன்றே மேனேஜரிடம் போனார். எல்லோருக்கும் கம்பளி கேட்டார். "ஏலத்துல தேயிலையைச் சீண்ட ஆளில்லைங்க டாக்டர். கம்பளியாம்!" என்றார் மேனேஜர். "பிராந்திக்கு மட்டும் ஏலம் நல்லாப் போகுதுங்களா?" என்று கேட்டுவிட்டு டாக்டர் எழுந்து வந்தார்.

புஷ்பத்தை மையத்திலாவது சேர்க்கப் பார்த்தார். எங்கள் மையத்தின் கமிட்டி மறுத்தது. "பொம்பளைக்குக் கட்டில் போட்டா ஆம்பளைங்க வரமாட்டாங்க." அந்தக் கமிட்டியில் இருந்தவர்களே, நீங்கள் இந்த அஞ்சலியையும் படிப்பீர்கள். படியுங்கள். ஊட்டியில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் டாக்டரின் ஆய்வைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொம்பளைங்களைத் திருத்தவே முடியாது" என்றவரும் படிக்கட்டும். டாக்டர் அவருக்குச் சொன்ன பதில் இது: "மூடியைத் திறந்தது அவங்க கை இல்லைங்க."

உடல் கிடத்தியிருந்த இடத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மேனேஜரும் வந்தார். நல்ல கம்பளிச் சால்வை ஒன்றை விரித்து டாக்டருக்குப் போர்த்தினார். நிறைந்த வயிற்றோடு புஷ்பம் மேனேஜர் எதிரில் போய் நின்றாள்.

"செத்தவங்களுக்குக் குளிராது தொரை. எங்களுக்கு எப்பக் குடுப்பீங்க?"

அவளிடமிருந்து சாராய வாடை வந்தது. உங்களில் சிலர் அதற்கு மூக்கைப் பொத்தினீர்கள். மேனேஜர் காரில் ஏறினார்.

டாக்டரின் டேப்பை நான் வைத்திருக்கிறேன். புஷ்பத்துக்கு மாசம் நெருங்குகிறது, மழையும் நெருங்குகிறது. அந்தப் பிள்ளையின் தலையை நான்தான் அளக்க வேண்டும்.

கம்பளியைக் கொடுங்கள்.